இடது கைத் தண்ணீர்

கலீல் ரகுமானுக்கு நோன்பு மாசத்தில் நாக்கு வறளும், ஆனால் கை தடுமாறாது. பூந்தமல்லியில் சம்பத் நடத்திய வாரப் பத்திரிகைக்குப் படம் போடுகிற ஆள் அவர் ஒருத்தர்தான். கல்லச்சு வேலை. வழவழப்பான கல்லின் மேல் மசியால் வரைந்து, அதிலிருந்து தாளில் ஒற்றி எடுக்க வேண்டும். தாளில் எல்லாம் இடம் வலம் மாறி விழும். அதனால் கல்லில் எதையுமே கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பித்தான் போட வேண்டும். அதெல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

அந்த வாரம் கேலிப்படத்தில் மாட்டியவர் பொன்னியம்மா. பக்கத்து ஊர் பஞ்சாயத்துக்கு வந்த முதல் பெண் தலைவர். வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் ஒரு பொம்பளை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே பெரிய விஷயம். ஆனால் அவர் செய்த காரியம் ஒன்று நியாயமில்லை. மேட்டுத் தெருவில் பாதி தோண்டிய பொதுக்கிணற்றை அப்படியே போட்டுவிட்டு, ஆட்களைத் தன் சொந்தத் தெருவுக்குக் கூட்டிப் போய் அங்கே ஒரு கிணறு வெட்டி முடித்துவிட்டார். தப்பு தப்புதானே.

சம்பத்துக்கு அந்தத் தப்பு மட்டும் போதவில்லை. "முந்தானை கொஞ்சம் நழுவுற மாதிரி போடு பாய். பேப்பர் பிச்சிக்கினு போவும்," என்றார்.

"கெணத்தைப் பத்தி எவ்ளோ வேணா கிழிக்கிறேன். அந்தம்மா ஒடம்புகிட்ட போவ மாட்டேன்."

தேர்தல் சமயத்திலும் இதேதான் நடந்தது. எதிராளி ஒரு நோட்டீசுக்கு அந்தம்மாவை அசிங்கமாக வரையச் சொன்னபோது, கலீல் முடியாது என்று திருப்பி அனுப்பினார். நோட்டீசு வேறெங்கோ அச்சாகி வந்தது. ஊர் ஆம்பளைகள் கைக்குக் கை மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

கலீல் போட்ட படம் இதுதான். பொன்னியம்மா ஒரு கையால் தன் தெரு ஆட்களுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் வார்க்கிறார். மறு கையால் மேட்டுத் தெருவுக்குக் காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டுகிறார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. தொண்டை காய்ந்து கிடக்க, செம்பிலிருந்து விழுகிற தண்ணீரை வரைய வரைய அவருக்குத் தாகம் தலைக்கேறிவிட்டது. பாவம், அந்தக் கிறக்கத்தில் எழுத்தை ஒழுங்காகத் திருப்பிப் போட்ட கை, படத்தை நேராகப் போட்டுத் தொலைத்தது. எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு சம்பத் அச்சடித்தார்.

மறுநாள் காலை வேம்புலி கம்போடு வந்து நின்றான். பொன்னியம்மா தெருக்காரன். கூடவே ஒரு கும்பல்.

"இன்னா பாய், பொம்பளைன்னா இளக்காரமா? எங்கம்மா எங்களுக்கு எடது கையால தண்ணி ஊத்துறாங்களா? பிச்சைக்காரனுக்குக் கூட எவனும் எடது கையால குடுக்க மாட்டானே. அந்தக் கல்லை ஒடைக்காம போவ மாட்டோம்."

கலீல் அப்போதுதான் தாளைப் பார்த்தார். செம்பு இடது கையில் இருந்தது. கல் சம்பத்துடையது அல்ல, கலீலின் சொந்தக் கல். சீமையிலிருந்து கப்பலில் வந்தது. அது உடைந்தால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. "திருப்பிப் போட மறந்துட்டேம்பா. அல்லா மேல ஆணையா வேணும்னு பண்ணல," என்றார். யார் நம்புவார்கள்? சம்பத் எப்போதோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஜட்கா வண்டியில் பொன்னியம்மாவே வந்து இறங்கினார். கும்பல் வழி விட்டது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து கல்லைப் பார்த்தார்.

"வேம்புலி, இங்க வா. கல்லுல எந்தக் கை கீது?"

"வலது கைதாம்மா."

"அப்ப மனுசன் மனசுல இருந்தது வலது கைதான். நோம்புக் களைப்பு, மாறிப் போச்சு. அத வுடு. கவுந்த கொடம் கீதே, அது தப்பா?"

வேம்புலி தரையைப் பார்த்தான். "இருந்தாலும் ஒரு பொம்பளைய இப்டி வரையலாமாம்மா?"

"தேர்தல்ல என் ஒடம்ப வரைஞ்சானுங்களே, அன்னிக்கு எவனும் கம்பு எடுக்கல. நீயும் பாத்து சிரிச்சவன்தான். அது அத்துமீறல். இவரு என் வேலைய வரைஞ்சிருக்காரு. கம்பக் கீழ போடு."

கம்பு கீழே விழுந்தது. பொன்னியம்மா கலீல் பக்கம் திரும்பினார். "பாய், இந்தப் படத்த இப்ப அழிக்காதீங்க. மேட்டுத் தெருக் கெணறு முடியுற வரைக்கும் அப்டியே கெடக்கட்டும்."

கலீல் கும்பிட்டார்.

பெருநாள் பிறை தெரிவதற்கு முன்னால், அந்த வாரமே ஒரு சாயந்திரம், பொன்னியம்மா இடுப்பில் குடத்தோடு அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றார். புடவை ஓரமெல்லாம் மேட்டுத் தெருச் சேறு. "மொதல் தண்ணி பாய்," என்றார். மசூதியில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தார். சத்தம் கேட்டதும் கலீல் நீட்டிய டம்ளரில் வலது கையால் வார்த்தார். குடித்து முடித்தபோது அவருக்குக் கண் நிறைந்திருந்தது.

"கல்லைக் காப்பாத்திக் குடுத்தீங்க. ஒங்களுக்கு எப்டி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா."

"நாந்தான் சொல்லணும். அந்த நாற்காலில ஒக்காந்ததுலேர்ந்து கும்புட்டவனும் சரி, கேலி பண்ணவனும் சரி, என்னைப் பொம்பளையாதான் பாத்தான். தலைவரா நெனச்சு கேள்வி கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

மிச்சத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினார். கலீல் மணலைத் தூவித் தேய்த்தார். கவிழ்ந்த குடம் கரைந்து போனது, செம்பு போனது, கையும் போனது.

"அடுத்த வாரம் இன்னா போடப் போறீங்க?"

கலீல் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மேட்டுத் தெருவுல இன்னும் வெளக்கு இல்லம்மா."

பொன்னியம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"போடுங்க. கைய மட்டும் பாத்துப் போடுங்க."