எட்டாம் கட்டிலின் சுவர்

மருத்துவமனையிலிருந்து விடுதலையாகி வந்த மாமா, மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைக்கூட அறுக்காமல் நேராக ஆபீஸுக்கு வந்து, மருந்துச் சீட்டு ஒன்றைக் குப்புறத் திருப்பி மேஜைமேல் வைத்தார். அதன் பின்பக்கம் பேனாவால் கோணலாக ஒரு பெரிய செவ்வகம். உள்ளே சின்னச் சின்னச் செவ்வகங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘பத்தரை அடி’, ‘நாலு அடி, ஒரு கட்டைவிரல்’ என்று குறிப்பு. பத்தரை அடி என்றால் மாமாவின் பாதத்துக்குப் பத்தரை. உலகத்தை வேறு எதை வைத்தும் அளந்து அவருக்குப் பழக்கமில்லை.

“என்ன விஞ்ஞானி, பாத்துக்கோ. வார்டு மொத்தமும் இதுல இருக்கு.”

விஞ்ஞானி என்பது மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. மாமா கட்டிக்கொண்ட அக்காவின் தம்பி அவன். நான்கு வருடமாக உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் ஒரே புரோகிராமை எழுதிக்கொண்டிருப்பதற்காகக் கிடைத்த பட்டம். தரை துடைக்கும் இயந்திரம் ஒன்றுக்கான புரோகிராம் அது. கவிழ்த்த பேசின் மாதிரி இருக்கும். எல்லோரும் ஆமை என்பார்கள். இதுவரை பார்த்தேயிராத ஓர் அறையில் விட்டால் ஆமை தானாகவே சுவர் எங்கே, கட்டில்கால் எங்கே என்று பார்த்துப் பார்த்துப் படம் வரைந்துகொள்ளும். சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல வரி வரியாகப் போய் வரும். விட்டுப்போன மூலைகளை ஞாபகம் வைத்திருந்து திரும்பிப் போகும். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருக்காது. இந்த நான்கில் மாமாவுக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. கம்பெனி மட்டும் அவருடையது. அதற்கு முன் வீடு வீடாக வாட்டர் ஃபில்டர் விற்றார். அதிலும் தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசி விற்றார்.

ஆமையை வாங்க யோசித்த மருத்துவமனைக்காரர்கள் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். எட்டுக் கட்டில் போட்ட வயிற்றுநோய் வார்டில் இயந்திரத்தை விடுவோம். உங்கள் ஆட்கள் யாரும் முன்கூட்டி வந்து பார்க்கக் கூடாது. புத்தியுள்ள எவனும் இதைப் படித்தால், நம் ஆமைக்கு வேலை தெரியுமா என்று பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்வான். மாமா படித்துவிட்டு, கேள்வித்தாளை எந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அட்மிட் ஆகிவிட்டார். இரண்டு நாள், குளுக்கோஸ் மாட்டிய ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, குதிகாலோடு கட்டைவிரலை ஒட்டி ஒட்டி வைத்து வார்டை அளந்தார். நடையைப் பார்த்த நர்ஸுகள் தலைசுற்றல் என்று நினைத்து அதற்குத் தனியாக ஓர் ஊசி போட்டார்கள்.

விஞ்ஞானி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆறு கட்டில்கள் இருந்தன. ஏழாவதன்மேல் ‘நான்’ என்று எழுதியிருந்தது. அங்கிருந்துதான் எல்லா அளவுகளும் புறப்பட்டன. ‘நானு’க்கு இடப்பக்கம் தடித்த கோடு, சுவர்.

“லெட்டர்ல எட்டு கட்டில்னு இருக்கே மாமா. இதுல ஏழுதான் இருக்கு.”

“அங்க படுத்திருந்தது நீயா, நானா?”

“படம் குடுத்துட்டா ஆமை தானா தேடாது மாமா.”

“தேடவே வேணாம்னுதானேடா படம் குடுக்கறோம்!”

இந்த மனிதரிடம் தர்க்கம் பேசுவது வாஷிங் மெஷினுக்குக் கதை சொல்வதுபோல. சுற்றும், சத்தம் போடும், கடைசியில் போட்டதையே பிழிந்து வெளியே தள்ளும். விஞ்ஞானி முடியாது என்று எழுந்து வந்துவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அக்காவின் போன் வந்தது.

“டேய், உங்க மாமா ரெண்டு நாள் ஊசி குத்திக்கிட்டு வந்திருக்காரு. அந்த வலிக்காவது ஒரு மரியாதை குடுடா. இந்த ஆஸ்பத்திரி கைவிட்டுப் போச்சுன்னா ஆமையை மூட்டை கட்டிட்டு மறுபடி ஃபில்டரைத் தூக்கிட்டு அலைவோம்னு சொல்றாரு. நீயும்தான் அலையணும்.”

ஆக, நான்கு வருடப் புரோகிராமைக் காப்பாற்ற ஒரே வழி, அதை உபயோகிக்காமல் இருப்பது. விஞ்ஞானி படத்தை ஏற்றினான். கண்ணுக்குத் தெரிகிற சுவரும் சுவர், படத்தில் இருக்கிற சுவரும் சுவர் என்று ஆமைக்குச் சொல்லிவைத்தான். மாமாவின் பாதத்தை ஸ்கேலால் அளந்து சென்டிமீட்டருக்கு மாற்றினான். படித்த படிப்புக்கெல்லாம் கிடைத்த வேலை இது என்று நினைத்தபோது, மாமாமேல் இருந்த இளக்காரத்தில் சரிபாதி தன்மேலும் வந்து ஒட்டிக்கொண்டது.

சோதனை காலை பத்து மணிக்கு. நோயாளிகளை வெராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்த்தியிருந்தார்கள். மாமா மீசையை எடுத்துவிட்டு, கோட்டு போட்டு வந்திருந்தார். ‘ஆயிரம் பேர் வந்து போற இடம், எவனுக்கு ஞாபகம் இருக்கும்’ என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர், ஹெட் நர்ஸைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டார். ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். மாமாவின் வணக்கத்தை வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு, திருப்பித் தராமல், “ஆரம்பிக்கலாம்” என்றார்.

வார்டுக்குள் கால் வைத்ததுமே விஞ்ஞானி ஏழாம் கட்டிலைத் தேடினான். ‘நானு’க்கு இடப்பக்கம் சுவர் இல்லை. ஒரு பச்சைத் திரை கம்பியில் ஒதுக்கிக் கட்டியிருந்தது. அதற்கப்பால் எட்டாம் கட்டில், மடித்து வைத்த போர்வை, ஜன்னல் வெயில். தரையில் டானிக் சிந்திக் காய்ந்த பெரிய கறை. இரண்டு நாளும் மூடியே கிடந்த திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்க்க மாமாவுக்குத் தோன்றவில்லை. சுவர் என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நிறுத்தலாமென்று விஞ்ஞானி கையிலிருந்த டேப்லெட்டைத் தூக்குவதற்குள் மாமா குனிந்து, போட்டோ எடுக்க வசதியாகச் சிரித்துக்கொண்டே, ஆமையின் முதுகில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டார்.

ஆமை கிளம்பியது. ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் நுழைந்து வந்தது. போன இடமெல்லாம் ஈரம் பளபளத்தது. வெராண்டாவில் ஒருவர் கையைக்கூடத் தட்டினார். பிறகு ஏழாம் கட்டிலைத் தாண்டி வந்து, வெட்டவெளியில் டக்கென்று நின்று, திரும்பியது. மறுபடி வந்தது, நின்றது, திரும்பியது. அங்கே ஒரு சுவர் இருப்பதுபோல, அதைத் துளியும் உரசிவிடக் கூடாது என்ற பணிவோடு, வெறும் காற்றை ஒட்டி நேர்கோட்டில் நடந்துபோனது. முழுச் சூரிய வெளிச்சத்தில் எட்டாம் கட்டில் காய்ந்துகொண்டிருந்தது. ஆமை தன் மூலைக்குத் திரும்பிப் பச்சை விளக்கைப் போட்டு, ‘நூறு சதவீதம்’ என்று அறிவித்தது. தனக்குத் தெரிந்ததிலிருந்து மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டு, தானே மார்க் போட்டுக்கொண்டால் யாருக்கும் நூறுதான் வரும். மாமாவும் வாழ்நாள் முழுக்க நூறுதான்.

“அந்த மூலைக்கு ஏன் போகல?” என்றார் ஹெட் நர்ஸ்.

மாமா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. “சாஃப்ட்வேர் கோளாறு மேடம். நம்ம பையன்தான் எழுதறான். நாலு வருஷமா சொல்றேன், மண்டையில ஏறல. வேற நல்ல ஆளா வச்சு மாத்திடறோம்.”

விஞ்ஞானிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிராளி கொஞ்சமாவது தகுதியோடு இருக்க வேண்டும். அக்காவின் முகம் ஒருமுறை வந்துபோனது. அவன் டேப்லெட்டில் படத்தைத் திறந்து, ஹெட் நர்ஸ் பக்கம் திருப்பிக் காட்டினான்.

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு பார்த்தார். ஆறு கட்டில். ஒரு சுவர். ஏழாவதன்மேல் ‘நான்’. பெயரை மாற்ற வேண்டுமென்று விஞ்ஞானிக்கும் தோன்றியிருக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி, மாமாவின் மீசை இல்லாத மேலுதட்டைச் சாவகாசமாகப் பார்த்தார்.

“ஏழாம் நம்பர்,” என்றார். “வயிறு இப்ப எப்படி இருக்கு?”

வெராண்டாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமாவின் கை, கோட்டுக்கு மேலாக, தானாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

“எட்டாம் நம்பர் பெரியவர் யாரும் பாக்கறதை விரும்ப மாட்டார். அதான் மூடி வச்சிருந்தோம். நேத்துதான் வீட்டுக்குப் போனார்.” பிறகு விஞ்ஞானியிடம் கேட்டார். “இந்தப் படம் இல்லாம இதுக்கு வேலை செய்யத் தெரியுமா தம்பி?”

“தெரியும்னு நினைக்கறேன் மேடம்.”

“பன்னெண்டு மணிக்கு இவங்களைத் திரும்பப் படுக்க வைக்கணும். அதுக்குள்ள காட்டுங்க.”

“மாப்ள,” என்றார் மாமா. விஞ்ஞானி என்று கூப்பிடாதது நான்கு வருடத்தில் இதுவே முதல் தடவை. “மாப்ள, வேணாம்டா. அதுவா போயி என்னத்தக் கிழிக்கும்? உங்க அக்காவை நினைச்சுப் பாரு.”

விஞ்ஞானி படத்தை அழித்தான். மருந்துச் சீட்டின் கட்டில்களும் சுவரும் ‘நானு’ம் ஒரே அமுக்கில் போயின. டேப்லெட் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

ஆமை இருந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. சாம்பலில் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒரு சுவர், கட்டில்கால்கள், ஜன்னலுக்குக் கீழே இன்னொரு சுவர். வார்டின் நடுவில், எதனோடும் ஒட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். ஆமை அவற்றை நோக்கிப் போனது, ஒரு விரற்கடை தள்ளி நின்றது, கட்டில்காலைச் சுற்றுவதுபோல ஒழுங்காகச் சுற்றியது. மாமா நகரவில்லை. அவருடைய இரண்டு ஷூக்களையும் சுற்றி ஈரம் வட்டம் போட்டது. பிறகு ஆமை அவரை விட்டுவிட்டு, வெயில் விழுந்திருந்த பக்கமாக மெதுவாகத் திரும்பியது.