கை நுழையும் இடைவெளி

மூன்றாவது வளைவில் தெம்ப்லேக்கே பிளந்தது.

நில்சா வண்டியை ஓரம் கட்டினாள். வலது பக்கத்து இருக்கையில் அவள் கணவன் ஓபெட், மடியில் துண்டை விரித்து, அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தான். கிண்ணத்துக்குள் தேங்காய்ப்பாலும் சோளமாவும் காய்ச்சி ஆறவைத்த வெள்ளை இனிப்பு. ஊதினாலே நடுங்கும் பதம். காலையில் முழு நிலவு மாதிரி இருந்தது, இப்போது நடுவில் கோடு விழுந்து இரண்டு பாதியாக விலகிக் கிடந்தது.

"வலிக்குதா?"

"இல்லையே."

"பொய்."

"என்னை நம்பலைன்னா இதுகிட்டக் கேளு."

"அதுகிட்டத்தான் கேட்டேன். வாயைப் பொளந்து சொல்லிருச்சு."

ஓபெட் சிரித்தான். சிரிப்புக்கு முதுகு குலுங்கியது. உடனே நிறுத்திக்கொண்டான். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

ஓபெட் பொய் சொல்வதில் கெட்டிக்காரன் இல்லை, ஆனால் பிடிவாதக்காரன். வீடுகளின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கிற வேலை. புயல் அடித்த வருஷத்திலிருந்து எல்லோருக்கும் தொட்டி வேண்டியிருந்ததால் கை ஓயாத வேலை. ஒருநாள் மழை ஈரத்தில் ஏணி வழுக்கியது. இப்போது அவன் இடுப்புக்கு மேலே இரண்டு தகடுகளும் சில திருகாணிகளும் இருந்தன. நடக்கிறான், சமைக்கிறான், பக்கத்து வீட்டு வானொலியோடு சேர்ந்து பாடுகிறான். நில்சாவின் வண்டியில் மட்டும் ஏறுவதில்லை. "நீ போயிட்டு வா. எனக்கு இங்க வேலை இருக்கு." என்ன வேலை என்று கேட்டால் சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பான்.

போன மாதம் வேறு வழியில்லாமல் மருத்துவமனைக்கு அதில்தான் போனார்கள். வழியெல்லாம் ஜோக் சொல்லிக்கொண்டு வந்தவன் கடைசியில் நிறுத்திக்கொண்டான். இறங்கியபோது அவன் கீழுதட்டில் பல் பதிந்த இடம் கன்றிப் போயிருந்தது.

அன்றைக்கே அவள் முடிவு செய்தாள். இவனால் உட்கார முடியாத வண்டி தனக்கு வேண்டாம். ஹுமகாவோ ஊரிலிருந்து ஒருவன் திங்கட்கிழமை பணத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதை விற்றுவிட்டு, கிழவிகள் கோயிலுக்கு ஓட்டிப்போகிற மாதிரி மெத்தென்று ஒரு கார். ஓபெட்டுக்கு இது தெரிந்ததும் முகம் செத்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு முதுகு வலிப்பதே இல்லை.

அதனால்தான் தெம்ப்லேக்கே. ஆள் பொய் சொல்வான். இனிப்பு சொல்லாது.

*

செயோவின் பட்டறை கயேய் ஊரைத் தாண்டி மலை ஏறும் இடத்தில் இருக்கிறது. செயோ, நில்சாவின் பெரியப்பா மகன். தீவின் பாதி வண்டிகளின் வயிற்றை அண்ணாந்து பார்த்தவன். அவர்களுடைய சிவப்பு 'சிவிக்' காரை மேலே தூக்கி நிறுத்தி, விளக்கைப் பிடித்து, வாய்விட்டுச் சிரித்தான்.

"எந்த முட்டாப்பய இந்த ஸ்பிரிங்க அறுத்தான்?"

"நீங்கதாண்ணே. நான் விளக்குப் பிடிச்சேன்."

"ஓ." அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப நமக்கெல்லாம் முதுகுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதே."

உண்மைதான். கல்யாணமான புதிது. வண்டி தரையோடு ஒட்டி ஓட வேண்டும், கையில் காசில்லை. காசில்லாதவர்கள் இந்தத் தீவில் செய்கிற காரியத்தைத்தான் அவர்களும் செய்தார்கள். நான்கு சக்கரத்து ஸ்பிரிங்கிலும் ஒன்றரைச் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு மாட்டினார்கள். வண்டி சப்பென்று உட்கார்ந்தது. டயருக்கும் மேலே வளைந்த தகரத்துக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிநேகிதர்கள் வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு குவாவாத்தே மலைக்குப் போவார்கள். சுட்ட பன்றிக்கறி ஒரு கடையில், பீர் அடுத்த கடையில், வறுவல் அதற்கடுத்ததில். அந்த வரிசையில் முதல் வண்டி நில்சாவுடையது. பக்கத்தில் ஓபெட் கத்திக்கொண்டே வருவான். "குழி, வலது! குழி, இடது! செத்தவன் படுத்திருக்கான், நேரா!" வேகத்தடைக்கு இங்கே செத்தவன் என்று பெயர். அவன் குரல் கேட்கும், அவள் கை திரும்பும். இரண்டுக்கும் நடுவே யோசனை என்று ஒன்று இருந்ததில்லை.

"கேளு புள்ள," செயோ கையைத் துடைத்துக்கொண்டான். "ஸ்பிரிங் சுமக்கும். ஷாக் அப்சர்பர் அடக்கும். நாம வெட்டினதுல ஸ்பிரிங் மடங்க இடமே இல்லாமப் போச்சு. ஷாக்கும் செத்துருச்சு. ரோட்டுல விழற அடி நேரா வந்து மாப்ள இடுப்புல உக்காருது."

"சரி, என்ன போடலாம்? என் சக்திக்குள்ள சொல்லுங்க."

இரண்டு வழி காட்டினான். ஒன்று, ஊதா நிறத்தில் பளபளவென்று ஒரு செட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தை வேண்டியபடி திருகிக்கொள்ளலாம். பெயர் கேள்விப்படாத கம்பெனி, அதனால் மலிவு. வண்டி இப்போது நிற்கிற மாதிரியே அழகாகத் தாழ்ந்து நிற்கும். மற்றொன்று, உடைத்து விற்கிற இடத்திலிருந்து எடுத்து வந்த சாதாரணக் குடும்பக் காரின் ஸ்பிரிங். துருவைத் தேய்த்துக் கறுப்படித்து வைத்திருந்தான். யாரும் வெட்டாதது. அதற்குப் புதிய, நடுத்தர விலை ஷாக்கும் புது ரப்பர்களும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே செலவு.

"இது மெத்துனு போகும். ஆனா சொல்லிப்புட்டேன், வண்டி ஆட்டுக்கிடா மாதிரி எக்கிக்கிட்டு நிக்கும். ஞாயித்துக்கிழமை ஊரே சிரிக்கும்."

நில்சாவின் பார்வை அனிச்சையாக வண்டியின் டயருக்கு மேலே, விரல் நுழையாத அந்த இடத்துக்குப் போய்வந்தது. அரை நொடி. ஓபெட் அந்த அரை நொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊதா," என்றான். "மச்சான், ஊதாவையே மாட்டுங்க. திருகி மெத்துனு வச்சுக்கலாம்ல?"

"உயரத்தைத்தான் திருகலாம் மாப்ள. குணத்தைத் திருக முடியாது."

"மாட்டுங்க. ஓட்டிப் பாப்போம். தெம்ப்லேக்கே சொல்லட்டும்."

*

வியாழக்கிழமை நில்சா சலூனில் நான்கு தலைக்குச் சாயம் போட்டுவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்து அவனையும் குளிர்பெட்டியில் இருந்த கிண்ணத்தையும் ஏற்றிக்கொண்டாள். ஊதா செட் மாட்டிய வண்டி வாசலில் பூனை பதுங்குவதைப்போல நின்றது. உட்கார்ந்து ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்ததும் அவளுக்கு உள்ளங்கை சிலிர்த்தது. மலைச் சாலை. முதல் வளைவு. வண்டி துளிகூடச் சாயவில்லை, தண்டவாளத்தில் வைத்தது மாதிரி திரும்பியது. ஓரக்கண்ணால் கிண்ணத்தைப் பார்த்தாள். முழுசாக இருந்தது. இரண்டாவது வளைவு, ஒரு செத்தவன், சரளை. முழுசு. மூன்றாவது வளைவு, போனமுறை பிளந்த இடம். முழுசு.

"பாத்தியா?" என்றான் ஓபெட். "ஊதாதான்."

ஹுமகாவோக்காரனுக்கு என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்று அவள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வண்டி, சாலை, இவன், மூன்றும் ஒன்றாக. மூங்கில் புதரைத் தாண்டியதும் வாழைக் குழி வந்தது.

அது பழைய குழி. யாரும் மூட வராததால், அக்கம்பக்கத்தார் அதற்குள் ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டார்கள். இரவில் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை, பகலில் வருகிறவர்களுக்கு வேடிக்கை. கன்று இப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்து, சாலை நடுவே தோரணையாக நின்றது. நில்சா ஒதுங்கினாள். பின்சக்கரம் மட்டும் குழியின் விளிம்பில் இறங்கியது.

தடால்!

அவள் பல்லோடு பல் மோதியது. கண்ணாடியில் தொங்கிய சிலுவை கூரையில் இடித்தது.

கிண்ணத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவள் வண்டியை நிறுத்தினாள். என்ஜினையும் அணைத்தாள். மெதுவாகக் கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் அந்த வெள்ளைப் பரப்பைத் தொட்டாள். ஆடவில்லை. அழுத்தினாள். விரல்தான் மடங்கியது. மேலே தூவியிருந்த பட்டைத்தூளும் அவள் தூவுகிற மாதிரி இல்லை, மண்வெட்டியால் அள்ளிக் கொட்டியது போல இருந்தது. கிண்ணத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். விழவில்லை.

"நான் நேத்து செஞ்சது எங்க?"

"தின்னுட்டேன்."

"முழுசையுமா?"

"நல்லா இருந்துச்சு."

"இதுல எவ்வளவு மாவு போட்ட?"

"கைக்கு வந்தது."

"ஓபெட்."

"முழு டப்பா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கமுடியாத சிரிப்பு. அது பாதியில் எங்கோ திசை மாறியது. வளையத்தின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏன்டா இப்படி?"

ஓபெட் வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டு பேசினான். "செயோ ஆட்டுக்கிடான்னு சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்டி. சலூன்ல நாள் முழுக்க நிக்கிறியே, அது யாரோ. வளைவுல திருப்பறப்ப நாக்க லேசா வெளிய நீட்டுவ பாரு, அவளைத்தான் நான் கட்டிக்கிட்டேன். என் முதுகுக்காக அவளை ஹுமகாவோக்காரனுக்கு வித்துருவியா? அவளை ஆட்டுக்கிடா மேல ஏத்துவியா?"

"நான் நாக்க நீட்டுவேனா?"

"எப்பவும்."

"ஒம்பது வருஷமா சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவ."

ஒரு லாரி அவர்களையும் வாழையையும் சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் தலையை நீட்டி, "குடும்பச் சண்டைய வீட்ல வச்சுக்கங்கப்பா!" என்று கத்திவிட்டுப் போனான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு," என்றாள் நில்சா. "நீ ஏறாம விட்டதுலேர்ந்து ஒரு குழி பாக்கியில்லாம விழறேன். கண்ணைத் தொறந்துகிட்டுத்தான் ஓட்டறேன். ஆனாலும் விழறேன். பக்கத்து சீட்டப் பாத்துத் தொலைக்கறேன்ல. குழிய எங்க பாக்கறது?"

அவன் மடியில் கிடந்த துண்டை மடித்தான்.

"இப்ப எவ்வளவு வலிக்குது? நெஜமாச் சொல்லு."

"மூச்சு விட்டா வலிக்குது."

"விடலைன்னா?"

"பரவால்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்ஜினைக் கிளப்பினாள். வண்டியைத் திருப்பி, ஆமை வேகத்தில் பட்டறைக்கே விட்டாள். செயோ கிண்ணத்தை வாங்கிப் பார்த்தான், தட்டினான், "இத ஜாக்கிக்கு அடில வைக்கலாம் போலிருக்கே" என்றான். நில்சா சுவரோரம் கறுப்படித்துக் கிடந்த ஸ்பிரிங்குகளைக் காட்டினாள்.

"அதை மாட்டுங்கண்ணே. இதுதான் கடைசி. இதுலயும் முடியலைன்னா திங்கக்கிழமை சாவியக் குடுத்துருவேன்."

*

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் வண்டிகள் கூடின. சிவப்புச் சிவிக் வந்து நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தார்கள்.

"நில்சா, ஏற ஏணி கொண்டாந்தியா?"

"அடில கோழி படுத்து அடைகாக்கலாம் போல!"

"காக்கட்டும்," என்றாள் நில்சா. "குஞ்சு பொரிச்சா உனக்குத் தரமாட்டேன்."

செயோ வந்து டயருக்கு மேலே இருந்த இடைவெளியில் கையை விட்டான். மணிக்கட்டு வரை உள்ளே போனது. கையை ஆட்டிக் காட்டினான். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் காது சூடானது. ஓபெட் மெதுவாக, ஒரு கையால் கூரையைப் பிடித்து, பிட்டத்தை முதலில் வைத்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தான். உயரமான வண்டி. இந்தமுறை அவன் முனகாமல் உட்கார்ந்ததை அவள் மட்டும்தான் கவனித்தாள். மடியில் துண்டு, கிண்ணம். இனிப்பை அவளே செய்தாள், அவனைச் சமையலறைப் பக்கம் விடாமல்.

வழக்கம்போல அவளை முன்னால் விட்டார்கள். மலை தொடங்கியது. வண்டி வளைவுகளில் படகைப்போலச் சாய்ந்தது. அவளுக்குப் பழகாத சாய்வு. கொஞ்சம் தாமதமாகத் திரும்புகிறது, திரும்பியபின் யோசித்து நிமிர்கிறது. கூர்மை எங்கோ போய்விட்டது. அந்த இழப்பு அவள் விரல்களில் தெரிந்தது. தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று பிடியைத் தளர்த்தினாள்.

"குழி, இடது," என்றான் ஓபெட். எத்தனையோ மாதம் கேட்காத குரல். அவள் கை தானாகத் திரும்பியது.

"செத்தவன், நேரா."

மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

"குழி, வலது... சின்னதுதான்."

அப்புறம் குரல் இல்லை.

ஒரு வளைவு போனது. இரண்டு. ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியது, அவன் சொல்லவில்லை. இந்த மௌனம் நில்சாவுக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் போனபோது கடைசி நேரத்தில் ஜோக்குகள் நின்றபின் வந்தது இதே மௌனம்தான். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பான். கண்ணோரம் சுருங்கியிருக்கும். திரும்பிப் பார்த்தால் சிரிப்பான். அதனால் அவள் திரும்பவில்லை. மூங்கில் புதர் வந்தது. வாழை வந்தது. நேற்றைய மழைக்குப் புதிதாக ஒரு இலை விரித்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் இறக்கி ஏற்றினாள். பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இனி தாங்காது. திரும்பினாள்.

ஓபெட் தூங்கிக்கொண்டிருந்தான். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கைகள் கிண்ணத்தைச் சுற்றித் தளர்ந்து கிடந்தன.

பின்னால் ஹாரன்கள் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு எல்லாம். இவ்வளவு மெதுவாக அவள் இந்த மலையை ஏறியதே இல்லை. விளக்கைப் போட்டு ஓரமாக ஒதுங்கி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போங்கள் என்று சைகை காட்டினாள். தாழ்ந்த வண்டிகள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு அவளைக் கடந்தன. யாரோ ஆடு கத்துவதுபோலக் கத்திவிட்டுப் போனார்கள். கியருக்குப் பக்கத்தில் வைத்திருந்த தொலைபேசி அதிர்ந்தது, திரையில் ஹுமகாவோக்காரன் பெயர். ஓபெட் விழித்துவிடப் போகிறானே என்று அதைத் தன் தொடைக்கு அடியில் திணித்தாள்.

சாலை காலியானது. கியரிலிருந்து வலது கையை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இனி கியர் மாற்ற முடியாது. மூன்றிலேயே போனாள். அவன் மடியில் தெம்ப்லேக்கே ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் சாய்ந்து, நடுங்கி, மறுபடி நிமிர்ந்து, அவள் விரல்நுனி வரை அந்த நடுக்கம் வந்து வந்து போனது.