நாற்பது கிராமும் கடற்காற்றும்

நண்டு பதனிடும் ஆலையின் சின்ன அறையில், தராசைத் துடைத்து வைத்துவிட்டு, சோடா பட்டுத் தோல் உரிந்த கைகளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள் யூலியானா. தட்டுக் கழுவும் கோஸ்டிக் சோடாக் கரைசலைக் கலக்குவது அவளுடைய வேலை. சோதித்த போதெல்லாம் கரைசல் பலம் குறைந்தே இருந்தது. சோடாவை வீட்டுக்குக் கொண்டுபோகிறாள் என்று முகாமையாளர் சுஜிதன் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். இன்றைக்கும் குறைந்தால் நாளைக்கு அவள் வரத் தேவையில்லை. அல்லைப்பிட்டியில் இரண்டு பிள்ளைகள். இதை விட்டால் அவளுக்கு வேறு என்ன கதி?

"மாதாவாணை, சேர், நாற்பது கிராம்தான் போட்டனான்."

"அப்ப சோடா பறந்தே போகுது?"

யாழ்ப்பாணத்திலிருந்து சோதிக்க வந்த கோபிகா, சோதனைக் குழாயை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நாற்பது கிராம் சோடா எண்டா இரசாயனக் கணக்கில ஒரு மூல். அதை ஒரு லீற்றராக் கரைச்சா செறிவு ஒண்டு வரவேணும். இதில தசம் ஒன்பதுதான் இருக்கு. முப்பத்தாறு கிராம்தான் விழுந்திருக்கு."

"மிச்சம் நாலு கிராம்?" சுஜிதன் யூலியானாவைத்தான் பார்த்தார்.

கோபிகா தானே சோடாவைத் தராசில் நிறுத்தாள். சரியாக நாற்பதில் கரண்டியை எடுத்தாள். கடற்பக்க யன்னல் திறந்து கிடந்தது. தராசுத் தட்டை ஒருவரும் தொடவில்லை. இலக்கம் மெல்ல அசைந்தது. நாற்பது தசம் ஒன்று. கொஞ்சம் பொறுத்து, தசம் இரண்டு.

"என்ர மாதாவே! தன்பாட்டில ஏறுதே!"

"காத்தில இருக்கிற தண்ணியைக் குடிக்குது அக்கா. டின் மூடியும் வெடிச்சுக் கிடக்கு. நீங்கள் நிறுத்த நாற்பதில நாலு கிராம் தண்ணி."

வெள்ளைச் சோடா வில்லைகள் வியர்த்து மினுங்கின. பிறந்த நாளிலிருந்து முகத்தில் அடிக்கிற காற்றுத்தான். அதற்குள் இவ்வளவு தண்ணீரா! அதைக் கண்ணால் காணாமலே ஒரு கணக்குக் கிராம் கணக்கில் பிடித்துவிட்டதே! யூலியானாவுக்கு மேல் சிலிர்த்தது. கோயிலில் நிற்பவள்போல் நின்றாள். சுஜிதன் டின் மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கள்ளி என்று சொன்ன வாய், கள்ளி இல்லை என்று சொல்லவேயில்லை.

அடுத்த கிழமை யன்னலுக்குக் கண்ணாடி வந்தது. அறைக்குக் குளிரூட்டி வந்தது. சோடாவுக்கு றப்பர் வளையம் வைத்த புது டின் வந்தது.

"சேர், கைக்குப் போட நான் கேட்ட கிளவுஸ்?"

"அதைப் பிறகு பாப்பம். முதல்ல சோடாவுக்குக் காத்துப் படாமப் பாரும்."

ஒரு வில்லை மேசையில் சிந்திக் கிடந்தது. யூலியானா அதை உரிந்த விரல்களால் பொறுக்கி டின்னுக்குள் போட்டு, மூடியை இறுக்கினாள்.