காலியாக விட்ட கட்டம்

மாவட்ட சுகாதார அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கறார் அண்ணன்’தான். புள்ளிவிவரப் பிரிவில் பதினெட்டு வருடம். சுகாதார நிலையங்களிலிருந்து மாதாமாதம் வரும் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. எந்த ஊருக்கு எத்தனை நர்ஸ், எந்த ஊருக்கு வண்டி என்பதெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான் முடிவாகும். சிபாரிசு என்று வாயைத் திறந்தவன் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அந்தக் கறார் வீட்டிலும் உண்டு. அவருடைய தங்கை, பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊரில் நர்ஸ். அந்த நிலையத்துக்கு அவள் ஒருத்திதான். பெரியாஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர், ஆம்புலன்ஸ் கிடையாது. அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம், "அண்ணே, எங்களுக்கு ஒரு வண்டி..." என்று ஆரம்பிப்பாள்.

"ஆபீஸ் பேச்சை ஆபீஸோட வச்சுக்க. தங்கச்சிக்கு வண்டி கொடுத்தான்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க," என்று வாயை அடைத்துவிடுவார். அண்ணி இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பேச்சை மாற்றுவாள்.

மாவட்டத்துக்கு வருடத்துக்கு ஒரே ஒரு புது ஆம்புலன்ஸ். போன இரண்டு வருடமும் அது வேறு ஊர்களுக்குப் போயிற்று. இந்த வருடத்து வண்டி யாருக்கு என்று இன்று மூன்று மணிக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பட்டியலில் டவுன் ஆஸ்பத்திரி முதலில்; கடைசி ஊர், பெயருக்கேற்ப, கடைசியில்தான் இருந்தது. பிரசவத்தில் இறந்த தாய்மார்: மூன்று வருடமும் சைபர்.

காலையில் மாத்திரைப் பெட்டி வாங்க வந்த தங்கை, அவர் மேசைமேல் அந்தப் பட்டியலைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"இந்த சைபரை யார் போட்டது?"

"நீ அனுப்பினதுதான்."

"எல்லா மாசமும் நான் சைபர் அனுப்பல அண்ணே. சில மாசம் காலியா விட்டேன்."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. அதான் நான் போட்டேன். சின்ன வயசுலயிருந்தே நீ இப்படித்தான். வீட்டுப்பாடத்துல ஒரு கணக்கை அப்படியே விட்டுட்டு விளையாட ஓடிடுவ."

"அலமாரியைத் திறங்க."

அந்த ஊர்ப் படிவக் கட்டை எடுத்துப் பிரித்தார். முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு தாள். ‘நிலையத்தில் இறந்த தாய்மார்’ என்ற கட்டத்தில் இருபத்தொன்பது தாள்களில் முட்டை முட்டையாக சைபர், அவள் கையால் போட்டது. ஏழு தாள்களில் மட்டும் ஒன்றும் இல்லை.

"ஏழு மாசம் மறந்துட்டியா?"

"மறக்கல. அந்த ஏழு மாசம்தான் ஆள் செத்தாங்க." அவள் குரல் உயரவில்லை. "மாசத்துக்கு ஒருத்தி. டிராக்டர்ல ஏத்தி அனுப்பினேன், வழியிலயே போயிட்டாங்க. நிலையத்துல சாகல, அதனால ஒண்ணுன்னு போட முடியாது. உயிரோட வந்து சேரலன்னு பெரியாஸ்பத்திரியிலயும் எழுதல. வழியில செத்தவளுக்கு உங்க தாள்ல கட்டம் எங்க இருக்கு? சைபர்னு எழுத எனக்குக் கை வரல. காலியா இருந்தா ஏன்னு யாராவது கேப்பீங்கன்னு நினைச்சேன்."

யார் கேட்பது? கேட்க வேண்டிய ஆள் இவர்தான். வேறு ஊர்ப் படிவமாக இருந்தால் உடனே போனைப் போட்டு ஒரு வாங்கு வாங்கியிருப்பார். தங்கை படிவமாயிற்றே, அதைக் கையில் எடுத்தால் சலுகை காட்டுகிறான் என்பார்களே என்று, கண்ணை மூடிக்கொண்டு சைபரைத் தட்டியிருக்கிறார். நேர்மையாம் நேர்மை!

மூன்று மணிக்கு ஏழு தாள்களையும் கூட்டத்தை நடத்தும் பெரிய டாக்டரம்மா முன்னால் வைத்தார். "தப்பு என்னுது மேடம்," என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார்.

டவுன் ஆஸ்பத்திரி மேனேஜர் சிரித்தார். "அது உங்க தங்கச்சி இருக்கிற ஊராச்சே! கறாரும் கடைசியில கரைஞ்சு போச்சா?"

பதினெட்டு வருடமாக எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ அந்தப் பேச்சு. முகம் எரிந்தது. "ஆமா சார், என் தங்கச்சிதான். அதனாலதான் கேக்காம விட்டேன்," என்றார்.

டாக்டரம்மா தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷமும் நீங்கதான் ஏத்தினீங்களா?"

"ஆமா மேடம்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அதுவும்தான்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து டவுனை அடித்துவிட்டுக் கடைசி ஊரை எழுதினார். வழியில் இறந்தவர்களுக்கென்று படிவத்தில் ஒரு கட்டம் போடவும் சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று.

ஐந்து மணி பஸ்ஸுக்குத் தங்கை நின்றிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"எத்தனை தடவை வாயெடுத்தேன் அண்ணே. சாப்பிடும்போதெல்லாம்."

அவர் கையில் இன்னும் அந்த ஏழு தாள்கள். மேலே மாதமும் வருடமும் எழுதியிருந்தது. அவர் விரல் தானாக அவற்றை வருடவாரியாகப் பிரிப்பதைத் தங்கை பார்த்துவிட்டாள்.

"வேணாம் அண்ணே. அதைக் கணக்குப் போடாதீங்க."

பஸ் வந்தது. அவள் மாத்திரைப் பெட்டியோடு ஏறிக்கொண்டாள். கறார் அண்ணனுக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. முதல் வருடத்துத் தாள்கள் இரண்டு. அப்போதே கேட்டிருந்தால், அப்போதே வண்டி போயிருக்கும். மீதி ஐந்து.