ஜன்னலை மூடுவீங்களா?

வானதி அனுப்பிய இரண்டு புரொஜெக்டர் படங்களையும் மங்களாம்பிகை நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வெள்ளை. இரண்டும் ஊறுகாய் பாட்டிலைப் படுக்கப் போட்டது போல உருளையாக இருந்தன. ஒரு முனையில் கண்ணாடி, அடியில் வளைகிற தாங்கி. கூடவே மகளின் குரலும் வந்திருந்தது.

"அம்மா, ரெண்டுமே அப்பாவுக்கு ஒத்துவரும். படுத்துக்கிட்டே சீலிங்குல படம் பாக்கலாம். ஒண்ணுல உள்ளயே பேட்டரி இருக்கு. இன்னொண்ணுல பேட்டரி இல்ல, ஆனா வெளிச்சம் ஜாஸ்தி. எனக்கே குழப்பமா இருக்கும்மா. மன்னார்குடியில ஒரு கடையில ரெண்டும் இருக்காம். நேர்ல பாத்து எதுன்னு சொல்லு. பணத்தை நான் இங்கேர்ந்தே கட்டிடறேன்."

நேரில் பார் என்று டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டாள். மன்னார்குடி எட்டுக் கிலோமீட்டர்தான். மங்களாம்பிகை கடைசியாக அங்கே போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவள் கணவர் தியாகராசன் இரண்டு வருடத்துக்கு முன்னால், சம்பா அறுப்பு முடிந்த சமயத்தில், வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் மேலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முதல் வருடம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வாசல்வரை வந்துகொண்டிருந்தவர், பின்பக்கம் புண் கண்டதிலிருந்து படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். புண் ஆறும்வரை உட்காரவே கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மங்களாம்பிகையின் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் அடித்தது. பகல், ராத்திரி என்று அதற்குக் கணக்கில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. அவளுடைய நாள் முழுவதும் அந்த முன்னறைக்குள், கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

கட்டிலுக்கு எதிரே ஒரு ஜன்னல். அதன் வழியாக வாய்க்கால் மதகும் அதைத் தாண்டி வயலும் தெரியும். படுத்திருக்கிற தியாகராசனுக்கு அந்த உயரத்தில் ஒன்றும் தெரியாது. நின்றுகொண்டிருக்கிற அவளுக்குத்தான் தெரியும்.

வலங்கைமானிலிருந்து நாத்தனார் தங்கமணி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள். "போயிட்டு வாங்கண்ணி. அண்ணனை நான் பாத்துக்கறேன். ரெண்டு மணிக்குள்ள வந்துடுங்க, நாலு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பணும்" என்றாள்.

பத்தரைக்கு அவரை வலப்பக்கம் புரட்டி, முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து, மறுபடி பன்னிரண்டரைக்கு எப்படித் தூக்க வேண்டும் என்று தங்கமணிக்கு இரண்டு தடவை செய்து காட்டினாள். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. மூத்திரக்குழாய் மடங்கக் கூடாது. தியாகராசன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. எல்லா வயலிலும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. எட்டுக் கிலோமீட்டர் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை.

கடை மூன்று மாடி. வாசலிலேயே பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். போனும் பையோடு போயிற்று. அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஷஹ்பாஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த விற்பனையாளர் அவளை ஓர் இருட்டு அறைக்குள் அழைத்துப் போனார். முப்பது வயதிருக்கும். இரண்டு புரொஜெக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட விட்டார். சுவரில் இரண்டு சதுரம், இரண்டிலும் ஒரே மீன்கள் நீந்தின.

"எது நல்லதுப்பா?"

"ரெண்டும் நல்லதுதாம்மா. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். யாருக்கு?"

சொன்னாள். ஷஹ்பாஸ் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பினார். மீன்கள் சீலிங்குக்கு ஏறின.

"ஃபேன் கட்டிலுக்கு நேர் மேல இருக்கா? இருந்தா எறக்கை படத்தை வெட்டும். கால்பக்கமா தள்ளிப் போடணும்."

"தலைமாட்டுக்கு மேல இருக்கு."

"அப்ப பிரச்சினை இல்ல. ரூம்ல ஜன்னல் இருக்குல்ல? பகல்ல படம் பாத்தா ஜன்னலை மூடுவீங்களா?"

மங்களாம்பிகை அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா, அதுதான் இதுல இருக்கற ஒரே வித்தியாசம்" என்று ஷஹ்பாஸ் விளக்கினார். "பேட்டரி இருக்கறது கரண்ட் போனாலும் ரெண்டு மணி நேரம் ஓடும். ஆனா ரூம் கும்மிருட்டா இருக்கணும். ஜன்னல், கதவு எல்லாம் சாத்திடணும். இந்த இன்னொண்ணு ஜன்னல் திறந்திருந்தாலும் ஓரளவு தெரியும். கரண்ட் போச்சுன்னா அவ்வளவுதான்."

தியாகராசன் காலையிலிருந்து இரவு வரை பார்ப்பார். பார்க்கட்டும், அதற்குத்தானே வாங்குவது. அப்படியானால் காலையிலிருந்து இரவு வரை ஜன்னல் சாத்தியிருக்கும். அந்த இருட்டுக்குள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் போய் அவரைப் புரட்டுவாள். மதகும் வயலும் அவளுக்கும் தெரியாது. வானதி இதை யோசித்திருக்க மாட்டாள். அவள் மேல் தப்பில்லை. அப்பாவுக்கு எது வசதி என்றுதான் அவள் யோசித்தாள்.

"படுத்துப் பாத்தாத்தாம்மா தெரியும்" என்று சொல்லி ஷஹ்பாஸ் ஒரு பெரிய டிவிப் பெட்டியின் அட்டையைப் பிரித்துத் தரையில் விரித்தார். "கூச்சப்படாதீங்க. நான் வெளிய நிக்கறேன். எந்தப் பக்கம் கண்ணுக்கு இதமா இருக்குன்னு பாருங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மங்களாம்பிகை செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தாள். ஏசி குளிர்ச்சி. முதுகு தரையில் பட்டதும் எலும்பெல்லாம் சத்தம் போட்டது போல இருந்தது. மேலே இரண்டு கடல்கள். இடதுபக்கக் கடல் நல்ல நீலம், வலதுபக்கக் கடல் கொஞ்சம் வெளுப்பு. இல்லை, அது வேறு மீனோ. இதை இரண்டு நிமிடம் பார்த்து முடிவு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

கண் விழித்தபோது சீலிங் வெறுமையாக இருந்தது. அவள் மேல் யாரோ ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். கதவோரம் ஸ்டூலில் பில் போடுகிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"மணி என்னம்மா?"

"ரெண்டே கால்க்கா. ஷஹ்பாஸ் அண்ணன்தான் எழுப்ப வேணாம்னு சொன்னாரு. அவ்வளவு அசந்து தூங்குனீங்க."

மங்களாம்பிகை வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்தபடியே படியிறங்கினாள். ஷஹ்பாஸ் பின்னாலேயே வந்து, "அம்மா, எது வேணும்னு மட்டும் சொல்லிடுங்க, எடுத்து வைக்கறேன்" என்றார். அவள் காதில் விழவில்லை. டோக்கனைக் கொடுத்துப் பையை வாங்கிப் போனை எடுத்தாள். பன்னிரண்டரை அலாரம் அடித்து ஓய்ந்திருந்தது. தங்கமணி பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவளுடைய டவுன் பஸ் இன்னும் வரவில்லை. பக்கத்தில் வேதாரண்யம் பஸ் இன்ஜினை உறும விட்டுக்கொண்டு நின்றது. பாதி காலி. வேதாரண்யத்தில் அவளுக்கு யாரையும் தெரியாது. ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்கு முன்னால் போயிருக்கிறாள். உப்பு குவித்து வைத்திருந்ததும் காற்று முகத்தில் அறைந்ததும் ஞாபகம். கண்டக்டர் இவள் பார்ப்பதைப் பார்த்து, "ஏறுங்கம்மா, எடுத்தாச்சு" என்றார். அவளுடைய வலது கால் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டது. அது எப்படி நடந்தது என்று பிற்பாடு பல நாள் யோசித்தாள். பஸ் நகர்ந்தது. அவள் ஏறவில்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் டவுன் பஸ் வந்தது.

வீட்டு வாசலில் தங்கமணி பையோடு நின்றிருந்தாள்.

"எங்கண்ணி போனீங்க? போனையாவது எடுக்கக் கூடாதா? என்னமோ ஏதோன்னு பயந்து செத்துட்டேன்!"

"அவரைப் புரட்டினியா?"

தங்கமணியின் முகம் மாறியது. "கிட்ட போனாலே கத்துறாரு அண்ணன். தொடாதேங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பத்தரைக்குப் படுக்க வைத்த அதே பக்கத்தில் தியாகராசன் கிடந்தார். மங்களாம்பிகை வேட்டியை விலக்கிப் பார்த்தாள். வலது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினாள். சிவப்பு வெளுக்கவில்லை. புதுப் புண்ணுக்கு அதுதான் ஆரம்பம். அவளுக்குத் தெரியும். அது ஆற இன்னும் மூன்று மாதமோ நான்கு மாதமோ.

தங்கமணி பஸ்ஸுக்குப் போன பிறகு, அவரை இடப்பக்கம் திருப்பி, தைலம் தடவாமல் சும்மா காற்றாட விட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, தங்கச்சிதானே. தொட்டா என்ன?"

"அவ சின்னப் புள்ளையில என் தோள்ல உக்காந்து தேர் பாத்தவ. அவகிட்ட நான் இப்படித் துணியில்லாம..." முடிக்கவில்லை. பேச்சை மாற்றி, "எது வாங்கினே?" என்றார்.

"வாங்கலை. கடையில தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?"

"படுத்துப் பாக்கச் சொன்னாங்க. படுத்தேன். தூங்கிட்டேன்."

தியாகராசன் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, "நீ திரும்பி வர மாட்டேன்னு நினைச்சேன்" என்றார். "ரெண்டு மணி வரைக்கும் நினைக்கலை. அப்புறம் நினைச்சேன். வராட்டி தப்பில்லைன்னும் நினைச்சேன். ஆனா பயமா இருந்துச்சு மங்களம்."

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். வந்தது வேறு.

"வேதாரண்யம் பஸ் நின்னுச்சு. ஒரு எட்டு வச்சேன்."

அவர் கையை நீட்டி, அவள் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்தது அன்பா, போகாதே என்பதா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விடுவித்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வானதி கூப்பிட்டாள். "எதும்மா? பேட்டரி உள்ளதுதானே? நம்மூர்ல கரண்ட் போய்ப் போய் வருமே."

"பேட்டரி இல்லாதது."

"கரண்ட் போனா அப்பா என்ன பண்ணுவாரு?"

"சும்மா படுத்திருப்பாரு."

"என்னம்மா இப்படிப் பேசறே?"

"பேட்டரி உள்ளதுக்கு ஜன்னலைச் சாத்தணுமாம் வானதி. நாள் பூரா சாத்திட்டு என்னால இருக்க முடியாது. உங்கப்பாவுக்குப் படம் கொஞ்சம் மங்கலா தெரியட்டும்."

வானதி, "அம்மா, உனக்கு எது வசதின்னு நான் கேக்கவே இல்லைல்ல" என்றாள். மங்களாம்பிகைக்கு அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

வெளிச்சம் கூடுதலான புரொஜெக்டர் அந்த வாரமே வந்தது. தியாகராசன் அதில் சினிமா அதிகம் பார்க்கவில்லை. எந்தெந்த ஊரிலோ அறுவடை இயந்திரங்கள் ஓடுகிற வீடியோக்களைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். மத்தியானத்தில் வெயில் ஏறும்போது படம் வெளிறிப்போகும். ஒரு நாள்கூட அவர் ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். அவள் அதைக் கவனிப்பாள், கவனிக்காதது போல இருப்பாள். இடுப்பில் சிவந்த இடம் அவள் பயந்தபடியே புண்ணாகித்தான் ஆறியது.

தங்கமணி ஆடி மாதக் கடைசியில் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தியாகராசன் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைப் புரட்ட அவளை விட்டார். மங்களாம்பிகை மன்னார்குடிக்குப் பஸ் ஏறினாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஓட்டலில் ஒரு காபி குடித்தாள். பெரிய குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனை எடுத்து மணி பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஒன்றரை மணிக்கே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டாள்.

"என்ன வாங்கினே?" என்றார் தியாகராசன்.

"ஒண்ணும் வாங்கலை."

"அப்ப எதுக்குப் போனே?"

"சும்மாதான்."

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். அலாரம் அடித்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்தாள்.