இரண்டாவது டிஸ்க்

நாற்பதே நிமிடத்தில் வேலை முடிந்ததென்று லூபென் கையைத் துடைத்துக்கொண்டு பாலாடைக்கட்டி வைத்த பனித்சா அடையைப் பிய்க்க ஆரம்பித்ததும் ஸ்ட்ராவ்காவுக்கு மனசு உறுத்தியது.

விதின் நகரத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகள் அவள் பொறுப்பு. போன மாதம் சர்வரின் ஒரே டிஸ்க் செத்துப்போய், மூன்று நாள் யாருக்கும் முடிவு தர முடியவில்லை. அதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தை இரண்டு டிஸ்கில் போட, வெளியிலிருந்து கணினி வேலை செய்யும் லூபெனைக் கூப்பிட்டாள். ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் பதியும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

"ரெண்டுமே நல்லா இருக்குன்னு காட்டுது, பாரும்மா."

"அண்ணே, முதல் டிஸ்கக் கழட்டிட்டு ஆன் பண்ணிப் பாப்போமா?"

"ஓடுற வண்டியில சக்கரத்தக் கழட்டுவாங்களா?"

"கழட்டினாலும் ஓடும்னு சொன்னது நீங்கதானே?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல."

அந்த வார்த்தை அவள் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது. கணினியை அணைத்தாள், டிஸ்கை உருவினாள், பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரையில் ஒரே வரி: துவக்க எதுவும் இல்லை.

"வேணும்னுதானே விட்டீங்க? மறுபடி உங்களையே கூப்பிடணும்னு?"

லூபென் முகம் வெளிறிவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எம் பொண்ணு மேல சத்தியமா இல்லம்மா."

நடிப்பில்லை என்று தோன்றியது. ஆனாலும் விசைப்பலகையை அவரிடம் தராமல் அவளே தேடினாள். தகவலெல்லாம் இரண்டாவது டிஸ்கிலும் இருந்தது. கணினியை எழுப்பும் சின்னத் துவக்கப் பகுதி மட்டும் முதல் டிஸ்கில்தான் இருந்தது. அதை அவர் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை.

முதல் டிஸ்கைத் திரும்பச் செருகி, இரண்டாவதிலும் அதே பகுதியை உண்டாக்கிக் கோப்புகளை நகலெடுத்தார்கள். இரண்டு இடத்திலிருந்தும் துவங்கலாம் என்று கணினிக்குச் சொல்லிவைத்தார்கள். மறுபடி முதல் டிஸ்கை உருவினாள். இம்முறை திரை பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது.

லூபென் சிரிக்கவில்லை.

"இதே மாதிரி இன்னும் ஒம்பது இடத்துல போட்டிருக்கேன்."

"எங்கெல்லாம்?"

"டயாலிசிஸ் பண்ற இடத்துலயும்."

டிஸ்கைச் செருகி, அதில் விட்டுப்போனதெல்லாம் மறுபடி பதியத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, அவள் கார் சாவியை எடுத்தாள். "மொதல்ல அங்க போவோம். வேற ஏதாவது சோதிக்காம விட்டிருக்கீங்களாண்ணே?"

"யோசிச்சு... வண்டியில சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்க," என்று கதவருகே நின்றாள்.