இந்த வருஷத்துப் படம்

மாமா செத்துப்போன சேதி என் இடுப்பில் இருந்தது. காவிச் சேலைக்குள் செருகியிருந்த போன் அடிக்கடி அதிரும். அதிரும்போதெல்லாம் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வேன். எனக்கு இரண்டடி முன்னால், பாதத்தில் துணி சுற்றிக்கொண்டு, கையை வீசி வீசி நடந்துகொண்டிருந்தார் என் மாமியார் சாலம்மாள். செத்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவருக்குத் தெரியாது. எங்கள் குழுவில் மீதி அத்தனை பேருக்கும் தெரியும்.

வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கச்சிராயபாளையத்திலிருந்து திருவண்ணாமலைக்கு நடந்து போகிற குழு எங்களுடையது. அதை ஆரம்பித்ததே தானும் தன் தம்பியும்தான் என்று அத்தை சொல்வார். குருசாமி தீனதயாளன் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். மாமாவின் பெயர் பகலவன். அத்தை பிறந்தபோது அவர்களுடைய அப்பா கோயிலே கதி என்று கிடந்தாராம். தம்பி பிறப்பதற்குள் சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்து சாமியை விட்டுவிட்டாராம். அப்படிப் பெயர் வைக்கப்பட்ட பிள்ளைதான் ஊரில் எல்லோருக்கும் முந்தி மாலை போடுவார்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடக்கிறதைவிடப் படம் எடுத்துக்கொள்கிறதுதான் முக்கியம் என்று நான் கேலி செய்வேன். கோமுகி அணைக்கரையில், கல்வராயன் மலை பின்னால் தெரிகிற மாதிரி ஒன்று. தியாகதுருகம் மலைக்கோட்டைக்குக் கீழே ஒன்று. ரிஷிவந்தியம் கோபுரத்தடியில் ஒன்று. மணலூர்ப்பேட்டைப் பாலத்தில், அண்ணாமலை முதன்முதலாகத் தலைகாட்டுகிற இடத்தில் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் அதே இடம், அதே நிற்பு. அக்காவின் கை தம்பியின் தோளில் இருக்கும். ஆரம்ப வருஷங்களின் படங்கள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டவை, எங்கள் கூடத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. மீதி எல்லாம் என் போனில் இருக்கின்றன. சோறு தின்ன உட்கார்ந்தாலும் அத்தை "அந்த வருஷத்துப் போட்டோவ எடுடி" என்று அதையே பார்ப்பார். எந்த வருஷம் தம்பிக்கு முடி கொட்ட ஆரம்பித்தது என்று படத்தைப் பார்த்தே சொல்வார்.

இந்த வருஷம் மாமா வரவில்லை. ஐப்பசியில் வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது வளைவில் சறுக்கி, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அந்தக் கால் சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அத்தை இந்த முறை மாலை போட்டார். "நீ படுத்துக்கினே நடடா. நான் போட்டோ அனுப்பிக்கினே போறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அணைக்கரையில் முதல் படம் எடுக்கும்போது, வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வெறுங்காற்றில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா அத்த இது?" என்றேன்.

"அவன் இங்கதான்டி நிக்கறான். எடு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மாமா குரலில் பதில் வந்தது: "யக்கா, கைய எடு, தோளு வலிக்குது." அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டே தியாகதுருகம் வரைக்கும் வந்தார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாட்ஸப்பில் இரண்டு கோடு நீலமானால் தம்பி பார்த்துவிட்டான் என்று தெரியும். நீலம் விழுந்த பிறகுதான் அடுத்த வேலை பார்ப்பார். அன்றைக்குக் கோட்டைக்கடியில் எடுத்த படத்துக்கும் நீலம் விழுந்த பிறகுதான் படுத்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் வீட்டுக்காரர் பிரவீன்குமார் போன் செய்தார்.

"வாணி, மாமா பூட்டாருடி. நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. திடீர்னு மூச்சு முட்டுதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே..." கட்டுப் போட்ட காலில் ரத்தம் உறைந்து மேலே ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். "சாயங்காலம் எடுக்கறாங்க. அம்மாவ எப்படியாவது இட்டுக்கினு வா."

 அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குருசாமியிடம் ஓடினேன். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"சொல்லக் கூடாது" என்றார் தீனதயாளன். "மாலை போட்டவங்களுக்குக் கூடப்பொறந்தவங்க சாவு காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாத வரைக்கும் அந்தம்மா சுத்தம். நாளைக்குத் தரிசனம் முடிஞ்சி மாலைய கழட்டட்டும். நானே பக்குவமா சொல்றேன்."

"அதுக்குள்ள எடுத்துடுவாங்களே சாமி. மொகத்த பாக்க வேணாமா?"

"மொகம் மனசுல இருக்குதில்ல? பாதி வழியில மாலை எறங்கினா குத்தம் மொத்தக் குழுவுக்கும் வரும். உன் மாமியாருக்கு மட்டுமில்ல."

அவரே என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டுப் பேசினார். பெண்டாட்டியிடம் மட்டும் வாய் நீளும் என் வீட்டுக்காரருக்குக் குருசாமி என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அவரு சொல்றதயே கேட்டுக்க வாணி" என்று போனை வைத்துவிட்டார். குருசாமி ஒவ்வொருவர் காதிலும் ஓதினார். அத்தை ஒருவர் காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆயிற்று.

ரிஷிவந்தியம் கோபுரத்தடியில் அத்தை வந்து நின்றார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"எடுடி. இன்னா முழிச்சிக்கினு நிக்கற?"

எடுத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். "அனுப்பு" என்றார், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே. ஏமாற்ற வழியில்லை. செத்தவர் போனுக்கு அந்தச் சிரிப்பை அனுப்பினேன். இரண்டு கோடு விழுந்தது. இரண்டும் சாம்பல் நிறம்.

"தூங்கறான் போலக்குது" என்றார் அத்தை.

அப்புறம் நடந்த நடை இருக்கிறதே, அது யாருக்கும் வரக்கூடாது. பெண்கள் ஒருத்தியும் அத்தை பக்கத்தில் வரவில்லை. பாட்டு நின்றுபோயிற்று. குருசாமி மட்டும் தொண்டை கிழிய அரோகரா போட்டார். எனக்கு அவர் வாயில் துணியை வைத்து அடைக்கலாம் போல இருந்தது.

"ஏன் எல்லாரும் ஊமையாட்டம் வர்றீங்க? ஜாஸ்தியா நடந்துட்டமா?" என்று அத்தை திரும்பிக் கேட்டார்.  "வாணி, நீலம் வுழுந்துச்சா?"

"இல்லத்த. டவர் கம்மி."

நடுப்பகலில் போன் மறுபடி அதிர்ந்தது. புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள்: கண்ணீர் அஞ்சலி. பூ வளையத்துக்கு நடுவே மாமா சிரித்துக்கொண்டிருந்தார். தனியாக எடுத்த படம் அவருக்கு ஏது? போன வருஷம் பாலத்தில் நான் எடுத்ததிலிருந்து வெட்டியிருந்தார்கள். அத்தையை வெட்டியெடுத்தவர்கள் அவர் விரல்களை விட்டுவிட்டார்கள். மாமாவின் தோளில் நாலு விரல், ஒன்றில் அத்தையின் நெளி மோதிரம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அஞ்சலி படத்திலேயே கை போட்டுக்கொண்டு நிற்கிறவளுக்கு மட்டும் சேதி சொல்லக்கூடாதாம். யார் கண்டுபிடித்த சட்டம் இது?

மணலூர்ப்பேட்டையை நெருங்கும்போது இலக்கியாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. மாமாவின் ஒரே மகள். "அக்கா, அத்தை எங்க வராங்க? இங்க மலையில மழை இறங்கிடுச்சு. சீக்கிரமே எடுத்துடலாம்னு பெரியவங்க பேசறாங்க." எங்கள் பக்கத்தில் பெண்கள் பாடையோடு தெருமுனை வரைக்கும்தான் போவார்கள். அதற்கப்பால் ஆண்கள் மட்டும். தெருமுனையைத் தாண்டிவிட்டால் அத்தைக்குத் தம்பி முகம் இனிக் கிடையாது.

பாலத்தில் ஏறினோம். பெண்ணையாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் அண்ணாமலை மங்கலாகத் தெரிந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வழக்கமான தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார்.

"மலை நல்லா வுழணும். போன வருஷம் அவன் தலை மறச்சிடுச்சி."

எடுத்தேன், அனுப்பினேன். போனை என் கையிலிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது இரண்டு படத்துக்கும் ஒரே நேரத்தில் நீலம் விழுந்தது.

"பாத்துட்டான்டி! எழுந்துட்டான்! போன் போடு, பேசணும்."

முன்னால் போய்க்கொண்டிருந்த குருசாமி திரும்பி ஓடிவந்தார். "போன் இன்னாத்துக்கும்மா இப்ப, நடங்க நடங்க" என்றார். அத்தை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. சிரித்த முகத்தோடு போனை என்னிடம் நீட்டினார். அந்த முகத்துக்கு இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அத்த, மாமா இல்ல."

"இல்லன்னா எங்க பூட்டான், அந்த ஒடஞ்ச கால வெச்சிக்கினு?"

"மாமா செத்துட்டாரு அத்த. காலைலயே."

"இன்னாடி ஒளர்ற? நீலம் வுழுந்துக்குதே."

"பாத்தது மாமா இல்ல."

அத்தை பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அழுவார், மார்பில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருத்தியும் திடுக்கிடவில்லை என்பதிலிருந்தே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

பெண்கள் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"உனக்குமாடி?" என்றார் என்னிடம். அந்தக் கேள்வி இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது.

"அம்மா, மலை தெரியுது பாருங்க" என்றார் குருசாமி. "இன்னும் ஒரு நாள்தான். இவ்ளோ தூரம் வந்துட்டு..."

"காதுல வுழுந்துடுச்சி சாமி. இப்ப நான் இன்னா செய்யணும்?"

 அத்தை மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கழுத்திலிருந்த ருத்திராட்ச மாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "அவன் காலு சேரணும்னு போட்டது. நீங்களே அங்க கொண்டுபோய் சேத்துடுங்க."

 குருசாமி மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சமையல் சாமானோடு கூடவே வந்த டாட்டா ஏஸ் வண்டிப் பக்கம் திரும்பி டிரைவரிடம் கத்தினார்: "டேய் அஜித்குமாரு, அண்டாவெல்லாம் எறக்குடா! இவங்கள கச்சிராயபாளையத்துல கொண்டுபோய் வுடு. எங்கயும் நிக்காத."

வந்த வழியே திரும்பினோம். கால் கடுக்க நடந்து வந்த ரோடு வண்டிக்கடியில் சுருண்டுகொண்டு போயிற்று. ரிஷிவந்தியம் கோபுரம் வந்தது, போயிற்று. தியாகதுருகம் கோட்டை வந்தது, போயிற்று. அத்தை எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கள்ளக்குறிச்சியைத் தாண்டும்போது இலக்கியா கூப்பிட்டாள். பின்னால் மேளச் சத்தம் கேட்டது.

"அக்கா, தூக்கிட்டாங்க! மழை வருதுன்னு தூக்கிட்டாங்க. எங்க இருக்கீங்க?"

"வந்துக்கினே இருக்கோம்டி. நிறுத்து. எப்படியாவது நிறுத்து!"

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி ஆடிப் போனது. அஜித்குமார் ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எதிரே டவுன் பஸ். நான் ஜன்னலில் தலையை நீட்டி, "சாவுக்குப் போறோம், ஒதுங்குடா!" என்று கத்தினேன். எதிரே கல்வராயன் மலை தெரியவே இல்லை, மழை மறைத்திருந்தது. டிராக்டர் ஒருவழியாக மண்ணில் இறங்கி வழிவிட்டது.

தெருமுனையில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. மேளம் ஓய்ந்திருந்தது. பாடைக்கு முன்னால், ஈர ரோட்டில், இலக்கியா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "எங்க அத்த வராம ஒருத்தரும் இங்கேர்ந்து நகரக் கூடாது" என்று கத்திக் கத்தி அவளுக்குக் குரலே போயிருந்தது. பெரியவர்கள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை இறங்கினார். காவிச் சேலையும் வெறுங்கழுத்துமாக அவரைப் பார்த்ததும் கூட்டம் தானாக விலகியது. பாடையைக் கீழே இறக்கினார்கள். அத்தை மண்டி போட்டு உட்கார்ந்து, தம்பியின் நெற்றியிலிருந்த பூவை ஒதுக்கி, முகத்தையே பார்த்தார்.

இலக்கியா ஊர்ந்து வந்து அவர் முதுகில் சாய்ந்துகொண்டாள். "நீ அனுப்புன போட்டோவ அப்பாவுக்குக் காட்டிட்டேன் அத்த. ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல வெச்சி, மொகத்துக்கு நேரா காட்டிட்டேன்."

அப்போதுதான் அத்தை வாய்விட்டு அழுதார். அந்த அழுகை தெருவுக்கே கேட்டது. அழுது ஓய்ந்ததும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வலது கையைத் தம்பியின் தோளில் வைத்தார்.

"வாணி."

பாலத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எடு."

"சாவுல இன்னாம்மா போட்டோ, நேரமாவுது" என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார்.

"வருஷா வருஷம் எடுக்கறதுதான்" என்றார் அத்தை.

 முதல் படம் ஆடிவிட்டது. திரையில் விழுந்த மழைத்துளியைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அத்தை என்னைப் பார்த்தார். "அனுப்பு" என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அனுப்பினேன். இலக்கியா கையிலிருந்த மாமாவின் போன் ஒலித்தது. அவள் அதைத் திறந்து, அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.